ஆடாதவர்க்கான இடம்: புகழரங்கத் தகுதியும் அதன் சான்றுகளும்

1. கேள்வியும் அதன் எல்லையும்

ஒரு விளையாட்டு வீரரின் தகுதியை அளப்பதற்கு எண்கள் இருக்கின்றன. அவர் எடுத்த ஓட்டங்களும் வீழ்த்திய விக்கெட்டுகளும் வென்ற பதக்கங்களும் ஏடுகளில் பதிவாகியிருப்பதால், அவரைப் பற்றிய வாதம் எவ்வளவு சூடேறினாலும் இறுதியில் அந்த எண்களிடம் வந்து நிற்கும். மட்டையையோ பந்தையோ கையில் எடுக்காமலேயே ஓர் ஆட்டத்தின் போக்கை மாற்றிய பயிற்சியாளர், நடுவர், நிர்வாகி, வர்ணனையாளர், புரவலர் ஆகியோருக்கு அப்படிப்பட்ட எண் ஏதும் இல்லை. ஆகவே அவர்களுக்குரிய பெருமையை எந்த அளவுகோலால் வழங்குவது, எந்தச் சான்றைக் கொண்டு மறுப்பது என்ற கேள்வி பெரும்பாலும் பதவியையும் செல்வாக்கையும் ஒட்டியே தீர்க்கப்பட்டு வந்திருக்கிறது.

இக்கேள்வி மிக நீண்ட காலமாக, வெளிப்படையான வாக்கெடுப்புகளின் வழியாக விவாதிக்கப்பட்டு வரும் இடம் அமெரிக்கப் பேஸ்பாலின் தேசியப் புகழரங்கம் ஆகும். புகழரங்கம் என்பது, ஒரு விளையாட்டில் தலைசிறந்தோர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் உருவும் வரலாறும் பொறித்த பட்டயங்களை நிலையாக வைத்துக் காக்கும் நிறுவனத்தைக் குறிக்கும். நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் உள்ள இந்த அரங்கத்துக்கான முதல் தேர்தல் 1936இல் நடந்தது. கட்டடம் 1939 ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது.

அந்த விவாதத்தின் படிப்பினைகளைத் தமிழ்நாட்டுக்கு, அதிலும் சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடைப்பட்ட நிலத்துக்குக் கொண்டுவந்து உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஜோலார்பேட்டை – சேலம் இருப்புப் பாதையில், சேர்வராயன் மலையை ஒட்டியிருக்கும் பொம்மிடி போன்ற ஓர் ஊரிலிருந்து பார்க்கும்போது கேள்வியின் முகமே மாறிவிடுகிறது. பெருநகரத்தில் ஆடாதவர் ஆட்டத்துக்கு உதவுபவராக மட்டும் இருக்கலாம். தண்ணீர் வற்றிய ஏரியிலும் அறுவடை முடிந்த காட்டிலும் ஆட்டம் நடக்கும் இடங்களில், நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்பவரும் பந்து வாங்கிக் கொடுப்பவரும் கோப்பைக்கு வசூல் செய்பவரும் இல்லையென்றால் ஆட்டமே இல்லை.

2. கூப்பர்ஸ்டவுனின் வாசல்கள்

2025ஆம் ஆண்டுத் தேர்வு வரை கூப்பர்ஸ்டவுனில் இடம் பெற்றவர்கள் 351 பேர். அவர்களுள் 278 பேர் வீரர்கள்; நிர்வாகிகளும் முன்னோடிகளுமாக 40 பேர்; அணியைக் களத்தில் வழிநடத்தும் தலைமைப் பயிற்சியாளர்களான மேலாளர்கள் 23 பேர்; நடுவர்கள் 10 பேர் மட்டுமே. அண்மையில் ஓய்வு பெற்ற வீரர்களைப் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தினர் வாக்களித்துத் தேர்வு செய்கிறார்கள். மற்றவர்களைச் சிறு குழுக்கள் தேர்வு செய்கின்றன. அண்மைக் காலத்தில் அக்குழு 16 பேர் கொண்டதாகவும், அவர்களில் 12 பேரின் ஆதரவு தேவை என்பதாகவும் விதி இருக்கிறது. எழுத்தாளருக்கும் வர்ணனையாளருக்கும் தனித்தனி விருதுகள் உண்டு. வர்ணனையாளருக்கான ஃபோர்ட் ஃப்ரிக் விருது 1978 முதல் வழங்கப்படுகிறது. ஆனால் அவ்விருதுகளைப் பெற்றோர் அரங்கத்தின் உறுப்பினராகக் கருதப்படுவதில்லை.

இந்த ஒழுங்குக்கு ஒரே ஒரு விலக்கு ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் முதலில் கிரிக்கெட் செய்திகளை எழுதிவந்த இந்தப் பத்திரிகையாளர், ஓர் ஆட்டத்தில் ஒவ்வொரு வீரரும் செய்ததை வரிசையாகக் காட்டும் ஆட்டக்கணக்குப் பட்டியலைப் பேஸ்பாலுக்கு ஏற்ப வளர்த்தெடுத்தவர். 1938இல் அவர் அரங்கத்தில் சேர்க்கப்பட்டார். வீரரை எண்ணால் அளக்கலாம் என்ற வசதியையே உண்டாக்கியவர் ஆடாத ஒருவர் என்பதும், அவரை அளப்பதற்கு எந்த எண்ணும் இல்லை என்பதும் இங்கே ஊன்றிக் கவனிக்கத் தக்கவை.

அதே 1938இல் சேர்க்கப்பட்ட அலெக்சாண்டர் கார்ட்ரைட்டின் கதை, சான்று இல்லாத இடத்தில் என்ன நேர்கிறது என்பதைக் காட்டுகிறது. பேஸ்பாலைத் தோற்றுவித்தவர் ஆப்னர் டபுள்டே என்ற படைத் தளபதி என்றும், 1839இல் கூப்பர்ஸ்டவுனில்தான் அது பிறந்தது என்றும் 1907இல் ஒரு குழு முடிவு கட்டியது. அந்தக் கட்டுக்கதையின் நூற்றாண்டை ஒட்டியே அரங்கம் திறக்கப்பட்டது என்றாலும், டபுள்டேக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை. அவருக்குப் பதிலாக வந்த கார்ட்ரைட்டின் பட்டயத்தில், தளங்களுக்கு இடையே 90 அடி, ஆட்டத்துக்கு 9 சுற்று, அணிக்கு 9 பேர் என்ற வரையறைகள் அவருடையவை எனப் பொறிக்கப்பட்டது. பின்வந்த ஆய்வாளர்கள் அவ்வரையறைகள் 1857இல் நடந்த மாநாட்டில் உருவானவை என்றும், அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் டேனியல் ஆடம்ஸ் என்ற மருத்துவர் என்றும் நிறுவினர். 2015 டிசம்பரில் குழுவின் முன் வந்த ஆடம்ஸுக்கு 16இல் 10 வாக்குகளே கிடைத்தன. நான்கே மாதங்களில், 1857 விதிகளின் கையெழுத்துப் படி ஏலத்துக்கு வந்து 32 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. காகிதத்துக்கு அவ்வளவு மதிப்புக் கிடைத்தும், அக்காகிதத்துக்கு உரியவர் இன்னும் வெளியிலேயே நிற்கிறார்.

3. மில்லரும் க்யூனும்

ஆடாதவர்க்கான தகுதி பற்றிய வாதம் முழுவதையும் ஒரே வழக்கில் அடக்கிக் காட்ட வேண்டுமானால் அது மார்வின் மில்லரின் வழக்குதான். எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளாதார வல்லுநராகப் பணியாற்றிய மில்லர், 1966இல் பேஸ்பால் வீரர்கள் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் அணி உரிமையாளர்கள் ஒரு வீரரை ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் தம்மிடமே பிடித்துவைத்துக்கொள்ள ‘தக்கவைப்பு விதி’ இடம் கொடுத்தது; வீரர் வேறு அணிக்குப் போக விரும்பினால் ஆட்டத்தையே விட்டுவிடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. 1968இல் கையெழுத்தான முதல் கூட்டு ஒப்பந்தம் குறைந்தபட்ச ஆண்டு ஊதியத்தை 6,000 டாலரிலிருந்து 10,000 டாலராக உயர்த்தியது. தக்கவைப்பு விதியை எதிர்த்துக் கர்ட் ஃப்ளட் என்ற வீரர் தொடுத்த வழக்கு 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றபோதிலும், 1975இல் ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் இசைவுத் தீர்ப்பாளர் அளித்த தீர்ப்பு அவ்விதியின் முதுகெலும்பை முறித்தது.

இத்தனையும் செய்தவருக்கு அரங்கத்தின் கதவு எப்படித் திறந்தது என்பதை வாக்குகளே சொல்கின்றன. 2003இல் 79 பேரில் 35 பேரும், 2007 தொடக்கத்தில் 81 பேரில் 51 பேரும் அவருக்கு வாக்களித்தனர். அப்போதைய வாக்காளர்களில் பெரும்பாலோர் அரங்கத்தில் ஏற்கெனவே இடம் பெற்றிருந்த வீரர்கள். அதன்பின் நிர்வாகிகளுக்கென 12 பேர் கொண்ட புதிய குழு அமைக்கப்பட்டது; அதில் எழுவர் அணி நிர்வாகத்தைச் சார்ந்தவர்கள், மூவர் எழுத்தாளர்கள், இருவர் மட்டுமே வீரர்கள். 2007 டிசம்பரில் அக்குழுவில் மில்லருக்குக் கிடைத்தவை 3 வாக்குகள். மில்லரோடு மோதி ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் தோற்றவரான, பேஸ்பாலின் முன்னாள் ஆணையர் பௌவி க்யூன், அதே குழுவில் 10 வாக்குகளோடு தேர்வானார். மாதங்கள் சில கழித்து, தம் பெயரை இனிப் பரிந்துரைக்க வேண்டாம் என மில்லர் எழுதிக் கேட்டுக்கொண்டார். அதைப் பொருட்படுத்தாமல் அவர் பெயர் மீண்டும் மீண்டும் வந்தது. 2010 டிசம்பரில் 16இல் 11 கிடைத்து ஒரே வாக்கில் தவறினார், 2012இல் மறைந்தார், 2019 டிசம்பரில் மிகச் சரியாக 12 வாக்குகள் பெற்றுத் தேர்வானார். பெருந்தொற்றால் தள்ளிப்போன விழா 2021 செப்டம்பரில் நடந்தது.

இவ்வழக்கிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு, மில்லர் நல்லவர், க்யூன் அல்லாதவர் என்பதன்று. க்யூன் 1969 முதல் 1984 வரை பதவியில் இருந்தார். அவர் காலத்தில் ஆட்டம் வளரவும் செய்தது. ஆனால் பதவியில் இருந்த காலத்தில் ஆட்டம் வளர்ந்தது என்பதும், அவரால் வளர்ந்தது என்பதும் வேறுவேறு கூற்றுகள். மில்லரை அகற்றிவிட்டு அந்த வரலாற்றை எழுத முடியாது. க்யூனை அகற்றிவிட்டு எழுதலாம், இன்னொரு ஆணையரின் பெயரை அந்த இடத்தில் இட்டாலே போதும். வாக்களிப்போர் மாறினால் ‘தகுதி’ 81இல் 51 என்பதிலிருந்து 12இல் 3 என்பதற்கு விழும் என்பது அளவுகோலைப் பற்றிய இரண்டாவது பாடம். யார் தகுதியானவர் என்று கேட்பதற்கு முன்னால், தகுதியை யார் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நிறவெறியின் வரலாறு இதே பாடத்தை வேறு வகையில் உறுதி செய்கிறது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் உரிமையாளராக நெடுங்காலம் இருந்த டாம் யாக்கி 1980இல் அரங்கத்தில் சேர்க்கப்பட்டார். ஜாக்கி ராபின்சன் 1947இல் கறுப்பின வீரர்களுக்கு வழி திறந்த பின்னும் 12 ஆண்டுகள், அதாவது 1959 வரை, யாக்கியின் அணியில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. 2018இல் பாஸ்டன் நகரம் அவர் பெயரில் இருந்த தெருவின் பெயரை மாற்றியது. பட்டயம் அப்படியே இருக்கிறது. கறுப்பின வீரர்களுக்கான தனி லீக்கில் நியூவார்க் ஈகிள்ஸ் அணியைக் கணவருடன் சேர்ந்து நடத்திய எஃபா மேன்லி 2006இல் தேர்வானார். அரங்கத்தில் இடம் பெற்ற ஒரே பெண் இன்றுவரை அவர்தான். அதே தேர்வில் வாய்ப்பை இழந்த, கறுப்பின லீக்கின் முன்னாள் வீரர் பக் ஓ'நீல், தேர்வானவர்கள் சார்பில் விழா மேடையில் மனமுவந்து பேசிவிட்டு அந்த ஆண்டே மறைந்தார். அவருக்கு இடம் கிடைத்தது 2022இல்.

4. நியூபோர்ட்டுக்குப் போன சென்னைக்காரர்

தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவர் இவ்வகை வாசல் வழியாகவே ஓர் உலகப் புகழரங்கத்துக்குள் நுழைந்திருக்கிறார் என்பது இங்கே போதிய அளவு விவாதிக்கப்படவில்லை. அமெரிக்காவின் நியூபோர்ட்டில் உள்ள பன்னாட்டு டென்னிஸ் புகழரங்கம், வீரர், பங்களிப்பாளர் முதலிய பிரிவுகளில் ஆட்களைத் தேர்வு செய்கிறது. அதை 1954இல் நிறுவிய ஜேம்ஸ் வான் ஆலன், செட் முடிவின்றி நீள்வதைத் தடுக்கும் ‘டை-பிரேக்’ முறையை வகுத்தவர். 1965இல் அவரே பங்களிப்பாளர் பிரிவில் சேர்க்கப்பட்டார். 2024 ஜூலையில் அதே பிரிவில் சேர்க்கப்பட்டவர் சென்னையில் பிறந்த விஜய் அமிர்தராஜ். அன்று அதே மேடையில் லியாண்டர் பயஸ் வீரர் பிரிவில் சேர்க்கப்பட்டார். இந்த அரங்கத்தில் இடம் பெற்ற முதல் ஆசிய ஆண்கள் இவ்விருவருமே.

விஜய் அமிர்தராஜ் ஆடாதவர் அல்லர் என்ற மறுப்பு உடனே எழும். விம்பிள்டனில் 1973இலும் 1981இலும் கால் இறுதி வரை சென்றவர், 1974இலும், பின்னர் 1987இலும் டேவிஸ் கோப்பை இறுதிக்கு இந்தியா சென்ற அணிகளில் இருந்தவர், உலகத் தரவரிசையில் 18ஆம் இடம் வரை உயர்ந்தவர் அவர். 1974இன் இறுதி ஆட்டத்தை, தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசை எதிர்த்து இந்தியா ஆடாமல் விட்டுக்கொடுத்தது. ஆனால் கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை எண்ணும் கண்ணுக்கு இவை போதா. பங்களிப்பாளர் பிரிவு அவருக்குப் பின்வாசலாகத் திறக்கப்பட்டதா, அல்லது அதுவே அவருக்குரிய தலைவாசலா?

இரண்டாவதே சரி என்பதற்குப் பயஸே சான்றாக அருகில் நின்றார். 1985இல் பிரிட்டானியா நிறுவனத்தின் ஆதரவோடு அமிர்தராஜ் குடும்பம் சென்னையில் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர் பயஸ். 1996இல் அட்லாண்டாவில் அவர் வென்ற வெண்கலம், 1952க்குப் பின் இந்தியர் ஒருவர் ஒலிம்பிக்கில் தனியாகப் பெற்ற முதல் பதக்கம். திட்டத்தை உருவாக்கியவரும் அதில் உருவானவரும் ஒரே நாளில் இரு வாசல்கள் வழியே உள்ளே சென்றார்கள். இதற்கும் அப்பால் ஆண்கள் டென்னிஸ் வீரர்கள் மன்றத்தின் தலைவராகவும் தொலைக்காட்சி வர்ணனையாளராகவும் அமிர்தராஜ் செய்த பணிகள் உண்டு. எனினும் அவையெல்லாம் இல்லாமல், அந்தப் பயிற்சித் திட்டம் ஒன்று மட்டும் இருந்திருந்தாலும் அவருடைய கோரிக்கை நின்றிருக்கும் என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. அதே மதிப்பீட்டை நேர்மையாகப் பொருத்தினால், மூன்று மகன்களையும் டென்னிஸுக்கு ஆளாக்கி, அத்திட்டத்திலும் பங்கு கொண்ட தாயார் மேகி அமிர்தராஜுக்கு அந்தப் பட்டயத்தில் எவ்வளவு பங்கு என்ற கேள்வியும் கூடவே வரும். பட்டயங்கள் தனி ஆளுக்கு உரியவை. ஆடாதவரின் உழைப்போ பெரும்பாலும் கூட்டு உழைப்பு.

5. பதக்கக் கணக்கும் மைதானப் பெயர்களும்

கூப்பர்ஸ்டவுனில் நடப்பது போன்ற பொது விவாதத்துக்கு இங்கே இடமளிப்பவை விருதுகளும் மைதானப் பெயர்களுமே. இந்திய அரசு 1985இல் பயிற்சியாளர்களுக்கென துரோணாச்சாரியார் விருதைத் தொடங்கியது. முதல் ஆண்டில் அதைப் பெற்ற மூவருள் ஒருவர் பி.டி. உஷாவின் பயிற்சியாளரான ஓ.எம். நம்பியார். பயிற்சி பெற்றவர்கள் வென்ற பதக்கங்களைக் கொண்டே பயிற்சியாளரை மதிப்பிடும் வழக்கம் இவ்விருதில் ஊறியிருக்கிறது. அவ்வழக்கத்தின் குறையை நம்பியாரின் வாழ்க்கையே காட்டிவிடுகிறது: 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்தார். அந்த நூறில் ஒரு பங்கால் நம்பியாரின் பயிற்சி எவ்வகையிலும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பத்மஸ்ரீ அவருக்கு வந்தது 2021இல்.

தமிழ்நாட்டு அரசின் முதலமைச்சர் விளையாட்டு விருது இவ்வகையில் சற்று விரிந்த பார்வை உடையது. வீரர்களோடும் பயிற்சியாளர்களோடும், உடற்கல்வி ஆசிரியர், போட்டி அமைப்பாளர், நன்கொடையாளர், நடுவர் ஆகியோரையும் தனித்தனியாகக் கணக்கில் கொள்ளும் வகைப்பாடு அதில் உண்டு. கூப்பர்ஸ்டவுனுக்கு ஒருபோதும் தோன்றாத ‘உடற்கல்வி ஆசிரியர்’ என்ற இனம் இங்கே இருப்பது தற்செயலன்று. இந்நாட்டில் சிற்றூர்ப் பிள்ளை ஒருவர் முதன்முதலாக விளையாட்டை ஒழுங்காகச் சந்திப்பது பெரும்பாலும் அரசுப் பள்ளியின் பி.டி. வாத்தியார் வழியாகத்தான்.

மைதானப் பெயர்களின் கதை வேறு. சேப்பாக்கம் மைதானம் தொழிலதிபர் எம்.ஏ. சிதம்பரத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தவர், தமிழ்நாட்டுக் கிரிக்கெட் சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்தியவர். அவருடைய பணியை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் சென்னைக் கிரிக்கெட்டின் வரலாற்றில் ஆடாதவர்க்குரிய முதல் இடம் யாருக்கு என்று கேட்டால், விடை இன்னும் பின்னால் செல்கிறது. 1846இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாக இருந்த காலத்தில், புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, இந்தியர் ஆடுவதற்கு இடமும் கருவிகளும் அமைத்துக் கொடுத்தார். இந்திய அணியும் ஐரோப்பிய அணியும் மோதும் ஆட்டம் ஒன்றை அவர் ஏற்பாடு செய்தார். 1908 டிசம்பரில் அது நடப்பதற்குச் சில நாள்களுக்கு முன் மறைந்தார். பின்னாளில் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நடந்த பிரசிடென்சி ஆட்டத்தின் வித்து அதுவே. புச்சிபாபு தாமும் ஆடியவர்தான். ஆனால் அவர் எடுத்த ஓட்டங்களுக்காக அவரை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அவர் பெயரில் ஒரு போட்டி நடக்கிறது. மைதானம் அவர் பெயரில் இல்லை.

நடுவர், வர்ணனையாளர் ஆகிய இரு பிரிவினரைச் சுருக்கமாகவேனும் இங்கே கருத வேண்டும். எஸ். வெங்கட்ராகவன் 57 டெஸ்டுகளில் பந்து வீசி 156 விக்கெட்டுகளை எடுத்தவர். பின்னர் 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றார். களத்தில் நின்ற நாள்களை எண்ணினால் நடுவர் வெங்கட்ராகவனே மூத்தவர். புகழைப் பேசும்போது மட்டும் சுழல் பந்து வீச்சாளரே முன்னே வருகிறார். 2020 டிசம்பரில் மறைந்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் வர்ணித்தவர்களுள் முன்வரிசையில் இருந்தவர். தொலைக்காட்சி வராத வீடுகளில், ஆங்கிலம் அறியாத காதுகளுக்கு அந்த ஆட்டம் தமிழில் போய்ச் சேர்ந்தது இவரைப் போன்றவர்களின் குரல் வழியாகத்தான்.

6. சின்னப்பம்பட்டி, பெரியவடகம்பட்டி

பொம்மிடியை ஒட்டிய சேலம் மாவட்டத்தின் இரு சிற்றூர்கள் இவ்வாய்வுக்கு நெருக்கமான சான்றுகளைத் தருகின்றன. முதலாவது, வேகப்பந்து வீச்சாளர் டி. நடராஜனின் ஊரான சின்னப்பம்பட்டி. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஒருநாள் ஆட்டத்திலும் இருபது ஓவர் ஆட்டத்திலும், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்டிலும் அறிமுகமாகி, ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றவர் அவர். விசைத்தறியை நம்பிய அவர் குடும்பத்துக்குக் கிரிக்கெட் எட்டாத செலவாக இருந்தது. டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த அவரைக் கண்டெடுத்து, சென்னை லீக் ஆட்டங்களுக்குப் போகும்படி தூண்டி, அதற்கு வழியும் செய்தவர் அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ். நடராஜன் தம் சட்டையின் முதுகில் பொறித்துக்கொண்ட பெயர் ‘ஜேபி நட்டு’. அதில் முதல் இரண்டு எழுத்துகள் அந்த ஜெயப்பிரகாஷைக் குறிப்பவை. 2023இல் நடராஜன் சொந்த ஊரில் ஒரு கிரிக்கெட் மைதானத்தை அமைத்தார்.

இரண்டாவது, மாரியப்பன் தங்கவேலுவின் ஊரான பெரியவடகம்பட்டி. சிறு வயதில் பேருந்து விபத்தில் கால் பாதிக்கப்பட்ட அவர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரீசில் வெண்கலமும் பெற்றார். அவரை உயரம் தாண்டுதலின் பக்கம் முதலில் திருப்பியவர் அவர் படித்த பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பின்னர் வந்த பயிற்சியாளரின் பங்கு பதக்கங்களோடு சேர்த்துப் பதிவாகிறது. முதலில் திருப்பிய ஆசிரியரின் பங்கு, செய்தியாளர் கேட்டால் வீரரே சொல்லும் ஒரு வாக்கியமாக மட்டும் எஞ்சுகிறது.

இவ்விரு வழக்குகளிலும் ஒரு மறுப்பு எழக்கூடும்: ஒரே ஒரு வீரரை உருவாக்கியவரை மில்லர், புச்சிபாபு ஆகியோரோடு ஒப்பிடலாமா? எண்ணிக்கையில் ஒப்பிட முடியாது என்பது உண்மையே. ஆனால் நடராஜனுக்குப் பின் அதே வட்டாரத்திலிருந்து ஜி. பெரியசாமி போன்றோர் தமிழ்நாடு பிரீமியர் லீக் வரை வந்ததையும், ஊருக்குள் மைதானமே உருவானதையும் கணக்கில் எடுத்தால், ஜெயப்பிரகாஷ் செய்தது ஒரு வீரரோடு முடிந்த வேலையன்று என்பது தெரியும். சேலத்துக்கு அப்பால் கிரிக்கெட் என்றால் சென்னைக்காரர் ஆடுவது என்றிருந்த ஒரு நினைப்பே அதனால் கலைந்தது. உலக அரங்கத்தில் இல்லாவிட்டாலும், தமிழ்நாட்டுக்கென ஓர் அரங்கம் அமையுமானால் அவருடைய பெயர் விவாதத்துக்கு வர வேண்டிய பெயர்.

7. அளவுகோல்

மேற்கண்ட வழக்குகளிலிருந்து ஓர் அளவுகோலைத் திரட்டலாம். ஆடாத ஒருவரின் தகுதியை அவர் வகித்த பதவியின் உயரமும் தீர்மானிக்கக் கூடாது, அவரிடம் பயின்றோர் வென்ற பதக்கங்களின் தொகையும் தீர்மானிக்கக் கூடாது. அவர் இல்லாதிருந்தால் யார் ஆடியிருக்க மாட்டார் என்பதே முதல் வினா. எஃபா மேன்லியும் புச்சிபாபுவும் ஜெயப்பிரகாஷும் பள்ளி ஆசிரியரும் இந்த வினாவில் தேறுகிறார்கள். மில்லரை இவ்வினா பிடிக்காது, ஏனெனில் அவர் வராவிட்டாலும் வீரர்கள் ஆடிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். எந்த நிபந்தனையில் ஆடியிருப்பார்கள் என்று கேட்டால்தான் அவருடைய உருவம் தெரிகிறது. அப்துல் ஜப்பாரையும் சாட்விக்கையும் பிடிப்பதற்கு, அவர்கள் இல்லாதிருந்தால் யார் கேட்டிருக்க மாட்டார், எது எழுதப்படாமல் போயிருக்கும் என்ற வேறொரு வினா வேண்டும். நடுவர்களை இம்மூன்றில் எதுவும் சரியாகப் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல நடுவர் என்பவர் ஆட்டம் முடிந்தபின் யார் நினைவிலும் நில்லாதவர். கூப்பர்ஸ்டவுனில் பத்தே பேர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

வாக்களிப்போர் யார் என்பதில் மட்டும் ஐயத்துக்கு இடமில்லை. நிர்வாகிகள் நிர்வாகிகளைத் தேர்வு செய்தால் க்யூன் 10 வாக்குகளோடு உள்ளே வருவார், மில்லர் 3 வாக்குகளோடு வெளியே நிற்பார். தமிழ்நாட்டில் இத்தகைய அரங்கம் ஒன்று நாளை எழுமானால், அதன் தேர்வுக் குழுவில் ஓய்வு பெற்ற வீரர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். சங்கப் பொறுப்பில் இருப்பவர் எவருடைய பெயரும், அவர் பொறுப்பை விட்டு இறங்கிப் பத்தாண்டுகள் ஆகும் வரை பரிசீலனைக்கு வரக் கூடாது.

சான்றுதான் கடைசித் தடை. ஆடாதவரைப் பற்றிய ஏடு எந்த நூலகத்திலும் இருப்பதில்லை. அது ஒரு பெட்டியின் அடியில், போட்டித் துண்டறிக்கையாக, வசூல் நோட்டாக, கோப்பை வாங்கிய ரசீதாக, அணி வரிசையாக நிற்கும் பழைய புகைப்படத்தின் ஓரத்தில் வேட்டி கட்டி நிற்கும் ஒருவராக இருக்கிறது. பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி, கடத்தூர், மொரப்பூர் வட்டாரங்களில் கபடியோ வாலிபாலோ கிரிக்கெட்டோ நடத்தியவர்களின் வீடுகளில் அத்தகைய காகிதங்கள் இருந்தால், வெள்ளையடிக்கும்போது அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல், புகைப்படத்தின் பின்புறம் ஆண்டையும் நிற்பவர்களின் பெயர்களையும் எழுதி, ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு நகலைக் கொடுத்து வைக்குமாறு வாசகர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.